ஆறு கோரில் நாலு உபரி

ஆம்பூர் பைபாஸை ஒட்டியிருக்கும் அந்த ஷூ கம்பெனியில் தொழிலாளர்களின் பொழுதுபோக்குக்கென்று ஒரு கேரம் போர்டு இருந்தது. ஸ்ட்ரைக்கர் கிடையாது. இங்கே ஷூ வாங்குகிற ஐரோப்பியக் கம்பெனி வருஷத்துக்கு ஒருமுறை அனுப்பும் ஆடிட்டர், கக்கூஸில் சோப்பு இருக்கிறதா, தீயணைக்கும் சிலிண்டரில் தேதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவது வழக்கம். இந்த வருஷம் வந்தவர் புதுசு. "ஒரு ஆட்டம் ஆடலாமா?" என்று கேட்டுவிட்டார்.

பர்சனல் டிபார்ட்மென்ட் செல்வகுமார் ஓடிப்போய், ஸ்ட்ரைக்கருக்குப் பதிலாக ஒரு ஷூ ஹீலை எடுத்துவந்து கொடுத்தார். ஆடிட்டர் அதை வைத்து ஒரு காயைத் தள்ளிப் பார்த்தார். பிறகு தன் அறிக்கையில், 'பொழுதுபோக்கு வசதி: பெயரளவில்' என்று எழுதிவிட்டு விமானம் ஏறினார்.

ஐரோப்பாக்காரர்கள் இதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். தங்களுக்கு ஷூ தைத்துக் கொடுக்கும் எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் நடுவில் ஒரு கம்ப்யூட்டர் கார் பந்தயம். நிபந்தனை ஒன்றுதான். அந்தந்தத் தொழிற்சாலையின் பொழுதுபோக்கு அறையில் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே ஒரு சுற்று ஓட்டி, அதன் பதிவை அனுப்ப வேண்டும். அப்படியொரு அறை நிஜமாகவே இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. இந்தியாவில் முதலில் வருகிறவருக்குப் போர்ச்சுகலில் மூன்று மாதம் ஷூ டிசைன் பயிற்சி. திரும்பி வந்ததும் அவரைத் தொழிற்சாலையின் டிசைன் ரூமில் உட்கார வைக்க வேண்டும்.

இந்தக் கடைசி வரியை நோட்டீஸ் போர்டில் நின்று மூன்று தடவை படித்தவள் ஹேமலதா ஒருத்திதான்.

ஹேமலதா மாதனூர்க்காரி. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தவள். அதை மதித்து கம்பெனி அவளுக்கு ஒரு மெஷின் கொடுத்திருந்தது, தையல் மெஷின். மூன்றாம் லைனில் ஆறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஷூவின் மேல்பாகம் ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போய்க்கொண்டே இருக்கும். அங்கிருந்து பார்த்தால் கண்ணாடிக்குப் பின்னால் டிசைன் ரூம் தெரியும். அங்கே ஏ.சி. உண்டு, சாய்ந்துகொள்ள முதுகு வைத்த நாற்காலி உண்டு, மணிக்கு ஒருதரம் வந்து 'எத்தனை ஜோடி' என்று கேட்கிறவர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பஜாரில் ஷாஹித் பாய் நடத்தும் கம்ப்யூட்டர் கடையில் போய் இதே கார் பந்தயத்தை ஆடுகிறவள் அவள். அந்தக் கடைக்கு வரும் பையன்கள் அவள் ஸ்டீயரிங் பிடித்தால் எழுந்து நின்று பார்ப்பார்கள்.

"சார், மெஷின் மட்டும் வாங்கிக் குடுங்க. மீதியை நான் பாத்துக்கறேன்" என்றாள் செல்வகுமாரிடம்.

செல்வகுமார் சரி என்றுவிட்டார். ஒருமுறை கைரேகை வைக்கும் வருகைப் பதிவு மெஷின் நின்றுபோனபோது அவர் அதை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார், அது ஓடியது. அன்றிலிருந்து கம்பெனியில் அவர்தான் கம்ப்யூட்டர் நிபுணர்.

அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்றிருந்தது. தொழிலாளர்களுக்காக ஒரு பந்து வாங்குவதானாலும் அது தொழிலாளர் நல மன்றத்தின் வழியாகத்தான் வர வேண்டும்.

*

மன்றத்தின் தலைவர் இன்பராஜ். கம்பெனியின் ஜி.எம்.மும் அவரே. தொழில்நுட்ப ஆலோசகர் தனகோடி, தோல் பதனிடும் டிரம் பிரிவின் சூப்பர்வைசர். செயலாளர் நிஷா, கையில் ஸ்டாப்வாட்சோடு லைன் லைனாக நடந்து, யார் எவ்வளவு நேரம் வேலை செய்கிறார், எவ்வளவு நேரம் மூக்கைச் சொறிகிறார் என்று டைம் ஸ்டடி எடுக்கிற அதிகாரி. தொழிலாளர் பிரதிநிதிக்கும் ஒரு நாற்காலி உண்டு. அதில் உட்கார வேண்டியவர் எப்போதும் ஷிஃப்டில் இருப்பார்.

இன்பராஜ் தொடக்க உரை ஆற்றினார். "நம்ம தொழிலாளிங்க நமக்குக் குடும்பம் மாதிரி. குடும்பத்துல யாராவது கேள்வி கேப்பாங்களா? அதனாலதான் நான் யாரையும் கேக்க விடறதில்ல. அவங்களுக்கு இன்னா வேணும்னு அவங்களுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். இந்த கேம் கூட நான் யோசிச்சதுதான். ஐரோப்பாக்காரன் முந்திக்கிட்டான்."

கம்ப்யூட்டர் சப்ளை செய்ய வரவழைக்கப்பட்டிருந்த ஷாஹித் பாய் எழுந்து, அந்த விளையாட்டுக்குக் குறைந்தபட்சம் எப்படிப்பட்ட கம்ப்யூட்டர் தேவை என்று அதன் கம்பெனியே போட்டிருப்பதைப் படித்தார். "ஆறு கோர் இருக்கற பிராசசர். வேகம் இரண்டரை கிகா ஹெர்ட்ஸ். தனியா ஒரு கிராபிக்ஸ் கார்டு."

"வேகம்னா?" என்றார் தனகோடி.

"சுமாரா சொன்னா, ஒரு நொடிக்கு இருநூத்தம்பது கோடி சுத்துண்ணே."

தனகோடி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பேரிங் யாரோடது?" என்றார் தனகோடி.

"பேரிங் கிடையாதுண்ணே."

"பேரிங் இல்லாம சுத்துதா?" தனகோடி தலைவர் பக்கம் திரும்பினார். "சார், நான் சின்ன வயசுல இருந்து டிரம் ஓட்டறேன். தோலை ஊற வெக்கறப்ப நிமிஷத்துக்கு நாலு சுத்து. சாயம் ஏத்தறப்ப பன்னெண்டு. அதுக்கு மேல ஜாஸ்தி பண்ணா தோல் முகம் உரிஞ்சி போய்டும். இவரு நொடிக்கு இருநூத்தம்பது கோடின்றாரு. உள்ள போட்ட கேம் வெளிய வர்றப்ப இன்னாவா வரும்? கூழா வரும்."

"பாயிண்ட்" என்றார் இன்பராஜ்.

"அண்ணே, இது டிரம் இல்ல. வேகம் இருந்தாத்தான் கார் ஓடும்."

"கார் எவ்வளவு வேகமா ஓடணும்? நம்ம கேட்டுக்குள்ள வண்டி எவ்வளவு வேகத்துல வரணும்னு போர்டு வெச்சிருக்கோமா இல்லையா?" என்றார் தனகோடி.

வைத்திருந்தார்கள். பதினைந்து கிலோமீட்டர்.

நீண்ட விவாதத்துக்குப் பின் மன்றம் இரண்டு தீர்மானங்களை ஒருமனதாக நிறைவேற்றியது. வாங்கப்படும் பிராசசரின் குறைந்தபட்ச வேகம் இரண்டரை. அதன் அதிகபட்ச வேகம் ஒன்றரை.

"சார், ரெண்டும் எப்படி ஒண்ணா...?" என்று ஷாஹித் இழுத்தார்.

"குறைந்தபட்சம் அவங்க ஆசை. அதிகபட்சம் நம்ம பொறுப்பு" என்றார் இன்பராஜ். "மெஷின்ல இரண்டரை இருக்கட்டும். ஓட்டறது ஒன்றரையில. நம்ம கம்பெனி லாரில வேகம் ஏறாம இருக்க கவர்னர் போட்டிருக்கோம்ல, அந்த மாதிரி."

அதோடு கூட்டம் முடிந்திருக்க வேண்டும். நிஷா மேடம் தலையைத் தூக்கி, "இந்த ஆறு கோர்னா என்ன?" என்று கேட்டார்.

ஷாஹித் பாய் களைத்துப் போயிருந்தார். பிரியாணி வரும் நேரம் வேறு. "மேடம், ஈஸியா சொன்னா ஆறு ஆள் மாதிரி. ஒரே வேலையை ஆறு பேர் பங்கு போட்டு செய்வாங்க."

அந்த உவமையை அவர் அன்று சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"ஆறு ஆளா?" நிஷா பேனாவைத் திறந்தார். "ஆறு ஆளுக்கு சாங்ஷன் இருக்கா?"

*

சாம்பிளாக ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. தோல் எப்படி வாங்கப்படுமோ அப்படித்தான் இதுவும் வாங்கப்படும் என்பது விதி. ஆகவே அதை, தோலைத் தரம் பிரிக்கும் செலக்‌ஷன் மேஜை மேல், வெளிச்சம் வடக்கிலிருந்து விழுகிற இடத்தில் கிடத்தினார்கள். தனகோடி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கட்டைவிரலால் அதன் விலாவை அழுத்திப் பார்த்தார். முதுகைத் தடவினார். இரண்டு கையாலும் பிடித்து லேசாக வளைக்கப் பார்த்தார்.

"உடம்பு கெட்டி. கழுத்துப் பக்கம் கொஞ்சம் லூசு. பூச்சிக்கடி இல்ல. எழுதிக்கோ, செகண்ட் கிரேடு."

அடுத்தது துண்டு. எந்தத் தோல் வந்தாலும் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி அட்டையில் ஒட்டி, கையெழுத்துப் போட்டு வைப்பார்கள். பின்னால் வரும் சரக்கு அந்தத் துண்டோடு ஒத்துப் போக வேண்டும்.

"பிராசசர்ல ஒரு துண்டு குடுங்க பாய்" என்றார் தனகோடி.

ஷாஹித் பாய் கம்ப்யூட்டர் வந்த அட்டைப் பெட்டியின் மூலையைக் கத்தரித்துக் கொடுத்தார். அது கோப்பில் ஒட்டப்பட்டு, மூன்று பேரால் கையெழுத்திடப்பட்டது. நிறம் திருப்தியாக இருப்பதாகத் தலைவர் கைப்பட எழுதினார்.

அதற்குப் பிறகு குரோம் சிக்ஸ். ஏற்றுமதிக்குப் போகும் தோலில் அந்த நச்சு இருக்கக் கூடாது என்பதால் சோதனைக் கூடத்துக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்குவார்கள். கம்ப்யூட்டர் ஏற்றுமதிக்கா போகிறது என்று செல்வகுமார் கேட்டார். சான்றிதழ் இல்லாத எதுவும் கம்பெனி கேட்டுக்குள் இருந்ததில்லை என்று பதில் வந்தது. கம்ப்யூட்டர் வேனில் ஏறிப் போயிற்று.

ஹேமலதா தினமும் டீ இடைவேளையில் வந்து நின்றாள்.

"சார், வந்துச்சா?"

"லேபுக்குப் போயிருக்குதும்மா."

"இன்னா சார், ஜுரமா அதுக்கு?"

"குரோம் சிக்ஸ் பாக்கறாங்க."

அவள் சிரிக்கவில்லை. "மாசக் கடைசிக்குள்ள பதிவை அனுப்பணும் சார். இந்த ஒரு தடவைதான். அடுத்த வருஷம் அவன் செஸ்ஸுனு சொல்லிட்டான்னா எனக்கு இன்னா தெரியும்?"

"தெரியும்மா."

"பக்கத்து சீட்டு கமலம் அக்கா பதினெட்டு வருஷமா அதே மெஷின்ல ஒக்காந்துக்குது சார். டிசைன் ரூம் கதவு எந்தப் பக்கம் தெறக்கும்னு கூட அதுக்குத் தெரியாது."

செல்வகுமார் டீயை உறிஞ்சினார். அவருக்கும் தெரியாது.

சான்றிதழ் வந்தது. குரோம் சிக்ஸ் கண்டறியப்படவில்லை. இன்பராஜ் அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார். "நச்சு இல்லாத பிராசசர் இந்த ஜில்லாவுலயே நம்மகிட்ட மட்டும்தான் இருக்குது" என்று அவர் வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. மறுக்க வேண்டுமானால் சோதித்திருக்க வேண்டும்.

*

முதல் ஓட்டத்தை ஹேமலதா டைம் ஸ்டடிக்காக ஓட்டிக் காட்டினாள். அப்போது எதையும் குறைத்திருக்கவில்லை. கார் அம்பு மாதிரி போயிற்று. அவள் முகத்தில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருக்கும் ஒரு வெளிச்சம் ஒரு வேலைநாளில் வந்து நின்றதைச் செல்வகுமார் பார்த்தார்.

நிஷா மேடம் காரைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இன்னொரு திரையில், உள்ளே ஒவ்வொரு கோரும் எவ்வளவு வேலை செய்கிறது என்பது கோடு கோடாக ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி ஸ்டாப்வாட்சை அமுக்கி அமுக்கி எழுதினார்.

"ரெண்டு பேர் வேலை செய்றாங்க. நாலு பேர் சும்மா நிக்கறாங்க."

"மேடம், அது அப்படித்தான். கஷ்டமான வளைவு வர்றப்ப எல்லாரும் கை குடுப்பாங்க" என்றார் ஷாஹித்.

"கஷ்டம் எப்பவாவதுதான் வருது. அதுக்காக எப்பவும் ஆள் வெச்சுக்க முடியாது. ஸ்டிச்சிங்ல நாங்க அப்படியா வெச்சிருக்கோம்?"

"நாலும் உபரின்னு எழுதிக்கோங்க" என்றார் இன்பராஜ். "அணைச்சிடுங்க பாய்."

"இது இன்னாது?" தனகோடி உள்ளே எட்டிப் பார்த்து கிராபிக்ஸ் கார்டைத் தொட்டுக் காட்டினார்.

"படம் போடறதுக்குன்னு தனியா ஒரு பிராசசர் அண்ணே."

"ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டு டிபார்ட்மென்டா?" என்றார் நிஷா.

கிராபிக்ஸ் கார்டு கழற்றப்பட்டு, சிசிடிவி படம் தெளிவாகத் தெரிவதற்காக ஜி.எம். அறைக்குப் பணிமாற்றம் செய்யப்பட்டது. வேகம் தீர்மானத்தின்படி ஒன்றரைக்குக் குறைக்கப்பட்டது. ஷாஹித் பாய் எல்லாவற்றையும் செய்து முடித்தார். வெளியே வந்து செல்வகுமாரிடம், "தோஸ்த், நான் கடை வெச்ச நாள்ல இருந்து கஸ்டமருங்க வேகத்தை ஜாஸ்தி பண்ணு, ஜாஸ்தி பண்ணுன்னுதான் உயிரை எடுத்திருக்காங்க. கம்மி பண்ணுன்னு கேட்ட மொத கஸ்டமர் நீங்க. நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

திறப்பு விழா மாதத்தின் கடைசி நாள், சனிக்கிழமை காலையில் நடந்தது. ஆற்காட்டில் இருந்து மக்கன் பேடா வரவழைத்திருந்தார்கள். இன்பராஜ் ரிப்பனை வெட்டி, மவுஸை அமுக்கினார். திரையில் ஒரு பெட்டி வந்தது. 'இந்தக் கணினி குறைந்தபட்சத் தேவையைப் பூர்த்தி செய்யவில்லை. இருந்தாலும் தொடர வேண்டுமா?'

"பாத்தியா, எப்படிப் பேசறான்னு" என்றார் இன்பராஜ். "என் கம்பெனிக்கு இன்னா தேவைன்னு இவன் சொல்றதா? தொடருய்யா."

ஹேமலதா ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். கார் கிளம்பியது. கிளம்பிக்கொண்டே இருந்தது.

அந்த விளையாட்டில் ஒரு விசேஷம் உண்டு. காரின் சக்கரம், ஸ்பிரிங், டயரின் தேய்மானம் என்று ஒன்று விடாமல் பிராசசர் கணக்குப் போட வேண்டும். பிராசசருக்கு மூச்சு வாங்கினால் விளையாட்டு எதையும் தாவிப் போகாது. தன்னுடைய கடிகாரத்தையே மெதுவாக்கிக்கொண்டு காத்திருக்கும். உள்ளே ஒரு நொடி கழிவதற்குள் வெளியே நாம் ஒரு வேலை முடித்துவிடலாம்.

முதல் வளைவுக்குக் கார் வந்து சேர்வதற்குள் விருந்தினர்கள் பேடாவை முடித்துக் கை கழுவிவிட்டு வந்தார்கள். வளைவு திரும்புவதற்குள் தலைவர் நன்றியுரை ஆற்றிவிட்டார். பிறகு எல்லோரும் போய்விட்டார்கள். செல்வகுமாரும் ஷாஹித்தும் மட்டும் இருந்தார்கள்.

"சார், இன்னைக்குக் கடைசி நாள்" என்றாள் ஹேமலதா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"ஓட்டும்மா. வேற வழி இல்ல."

ஓட்டினாள். தண்ணீருக்குள் போகிற மாதிரி கார் போயிற்று. பாதி சுற்றில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். டயர் வழுக்கத் தொடங்குவது அவளுக்கு ரொம்ப முன்னாலேயே தெரிந்தது. ஸ்டீயரிங்கை ஒரு நூலளவு திருப்ப வேண்டுமென்றால், யோசித்து, மூச்சு விட்டு, திருப்ப நேரம் இருந்தது. கடையில் பிசகுகிற வளைவுகளில் எல்லாம் இங்கே கோடு போட்ட மாதிரி போனாள். சாயங்காலம் ஷிஃப்ட் மணி அடித்தபோது சுற்று முடிந்தது. உள்ளே இருந்த கடிகாரம் இரண்டு நிமிஷத்துக்கும் குறைவாகக் காட்டியது. கடையில் அவள் எடுத்த எந்த நேரத்தையும் விட அது கம்மி.

"பாய், இது ஏமாத்து இல்லையா?" என்று கேட்டாள்.

"நீ இன்னாம்மா ஏமாத்தின? அவங்க விதியில இன்னா போட்டிருக்குது? கம்பெனி ரூம்ல இருக்கற கம்ப்யூட்டர்ல ஓட்டு, பதிவை அனுப்பு. அதைத்தான செஞ்ச? கம்ப்யூட்டரை இந்த நிலைக்குக் கொண்டாந்தது நீயா?"

செல்வகுமார் பதிவை அனுப்பினார். பதினைந்து நாளில் பதில் வந்தது. இந்தியாவில் முதலிடம், ஹேமலதா.

*

பாராட்டுக் கூட்டத்தில் ஹேமலதாவுக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். பிறகு அவளை லைனுக்குப் போகச் சொல்லிவிட்டு, கூட்டம் தொடர்ந்தது.

"நாம இன்னா செஞ்சோம்?" என்று இன்பராஜ் கேட்டார். தானே பதில் சொன்னார். "ஆறு பேர்ல நாலு பேரை எடுத்தோம். வேகத்தைக் கம்மி பண்ணோம். ரிசல்ட்? இந்தியாவுலயே ஃபர்ஸ்ட். இவ்வளவு நாளா நான் மனசுல நெனச்சதை இன்னைக்கு கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல. விஞ்ஞானம் சொல்லுது, நான் கேக்கறேன்."

"மூணாம் லைன்லயும் ஆறு பேர்தான் சார்" என்றார் நிஷா.

செல்வகுமார் பாதி எழுந்தார். "சார், அது கேம்..."

"அதனாலதான் சார் நம்பலாம். கேம்ல யாருக்கும் யூனியன் கிடையாது" என்றார் நிஷா.

அந்த வாரமே மூன்றாம் லைனில் டைம் ஸ்டடி நடந்தது. எந்த நொடியில் பார்த்தாலும் நாலு பேராவது கையில் சரக்கு வருவதற்குக் காத்திருந்தார்கள். ஆறில் இரண்டு போதும் என்று அறிக்கை சொன்னது. மூன்று பெண்களை 'வீட்டில் இருங்கள், கூப்பிடுகிறோம்' என்று அனுப்பினார்கள். மீதி இருக்கப்போகும் இரண்டு பேரில் ஒருத்தி ஹேமலதா. உலகத் தரத்தில் கைவேகமும் கவனமும் உள்ளவள் என்று ஐரோப்பாவே சான்று கொடுத்திருக்கிறதே.

அந்த ஆணையைச் செல்வகுமார்தான் அவளிடம் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப போர்ச்சுகல்?" என்றாள்.

"ரெண்டே பேர் லைன்ல ஒருத்தரை மூணு மாசம் விட முடியாதாம். உன்னைத் தவிர்க்க முடியாத ஊழியர்னு போட்டிருக்காங்க."

"டிசைன் ரூம்?"

"அது பயிற்சிக்கு அப்புறம்தானம்மா."

ஹேமலதா கையில் இருந்த ஷூவின் மேல்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஜெயிக்காம இருந்திருந்தா வீட்டுக்கு அனுப்பிருப்பாங்க. ஜெயிச்சதால இங்கயே கட்டிப் போட்டுட்டாங்க. நல்லா இருக்குது சார். அந்த இன்னொரு ஆள் யாரு?"

"கமலமா, சௌந்தரமான்னு இன்னும் முடிவாகல. நாளைக்கு ஸ்டாப்வாட்ச் வெச்சி, யாரு வேகமோ அவங்க."

கமலத்துக்கு வீடு லிண்டல் மட்டத்தில் நின்றிருந்தது. சௌந்தரத்தின் மகள் பாகாயத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடுகிறவர்கள். மறுநாள் நிஷா மேடம் ஸ்டாப்வாட்சை அமுக்கியதும் இரண்டு பேரும் தைக்க ஆரம்பித்தார்கள்.

கமலம் மெதுவாகத் தைத்தாள். சௌந்தரம் ஓரக்கண்ணால் பார்த்தாள். அவள் அதைவிட மெதுவாகத் தைத்தாள். கமலம் நூலை அறுத்துவிட்டுத் திரும்பக் கோத்தாள். சௌந்தரம் ஊசியையே மாற்றினாள்.

"ஏய், நீ ஓட்டுடி, பொண்ணு படிக்குது" என்றாள் கமலம் உதடு அசையாமல்.

"மூடு. உன் வீட்டுக்குக் கூரை போட்டுக்கோ மொதல்ல."

"எனக்கு மழை வந்தாத்தான் கஷ்டம். உனக்கு மாசாமாசம்."

"என் புருஷன் சம்பாதிக்கறான்."

"எங்க, குடிக்கறதுக்கா?"

சௌந்தரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அதையும் ஸ்டாப்வாட்ச் எடுத்துக்கொண்டது.

மதியம் முடிவு வந்தது. இரண்டு பேருமே நிர்ணயித்த வேகத்தில் இல்லை. இரண்டு பேரும் உபரி. மூன்றாம் லைனுக்கு ஒரு ஆள் போதும்.

ஹேமலதா நோட்டீஸைப் படித்தாள். மெஷினின் விளக்கை அணைத்தாள். கழுத்தில் இருந்த அடையாள அட்டையைக் கழற்றிச் செல்வகுமாரின் மேஜை மேல் வைத்தாள்.

"ஏம்மா, உன்னை யாரும் போகச் சொல்லலயே."

"தெரியும் சார். அதான் போறேன்" என்றாள். கமலமும் சௌந்தரமும் கேட்டருகில் நின்றிருந்தார்கள். மூன்று பேரும் பைபாஸில் இறங்கி நடந்தார்கள்.

*

வாரக் கடைசியில் நிஷா மேடம் மன்றத்தில் அறிக்கை படித்தார். "மூணாம் லைன். வேலையில்லாம நிக்கற ஆள், பூஜ்யம். நான் சர்வீசுக்கு வந்ததுல இருந்து இதுதான் சார் மொத தடவை."

கை தட்டினார்கள். தனகோடி எழுந்து நின்றே தட்டினார்.

"மேடம்" என்றார் செல்வகுமார், "உற்பத்தி எவ்வளவு?"

"உற்பத்தி எங்க டிபார்ட்மென்ட் இல்ல சார்."

போர்ச்சுகலுக்கு யார் வருகிறார்கள், பாஸ்போர்ட் நகல் அனுப்புங்கள் என்று ஐரோப்பாவில் இருந்து கேட்டிருந்தார்கள். இன்பராஜ் தன்னுடையதை அனுப்பச் சொன்னார். மவுஸை முதலில் அமுக்கியவர் அவர்தான் என்பதற்குப் புகைப்படம் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் செல்வகுமார் மாதனூர் கூட்ரோட்டில் கம்பெனி வேனுக்காக நின்றுகொண்டிருந்தார். வேறொரு ஷூ கம்பெனியின் வேன் முன்னால் வந்து நின்றது. கமலமும் சௌந்தரமும் டிபன் பாக்ஸோடு ஏறினார்கள். கடைசியாக ஹேமலதா.

"ஹேமா, அங்க எந்த செக்‌ஷன்மா?"

"ஸ்டிச்சிங் சார். வேற இன்னா?"

"டிசைன் ரூம் இருக்குதா?"

"இருக்குது சார். ஃபுல்லாம். ஆள் வேணும்னா சொல்றேன்னாங்க." அவள் படியில் நின்றபடி கொஞ்சம் யோசித்தாள். "உள்ள தள்ற கதவு சார். அதை மட்டும் பாத்துக்கினு வந்தேன்."

மற்ற லைன்களில் பார்த்த முகங்களால் ஏற்கெனவே நிறைந்திருந்த வேன் அவளையும் விழுங்கிக்கொண்டு புறப்பட்டது. உள்ளே யாரோ யாரையோ திட்டினார்கள், யாரோ சிரித்தார்கள்.

அது போன பிறகு செல்வகுமாரின் கம்பெனி வேன் வந்தது. ஜன்னலோரம் உட்பட எல்லா சீட்டும் காலியாக இருந்தன.

"ஏறு சார்" என்றார் டிரைவர். "எங்க வேணா ஒக்காரு. இன்னைக்கு ஏறினது நீ ஒருத்தன்தான்."